ஊசி போகும் வழி

திருவனந்தபுரத்தின் சாலைக் கடைத்தெருவை ஒட்டியது ஆரியசாலை. திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாசர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய சந்தை அது. மிளகாய் வற்றலும் வெல்லமும் பூண்டும் ஏற்றிக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து வந்த வணிகர் பலர், வந்த இடத்திலேயே வீடும் கட்டிக்கொண்டனர். நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாக எழுந்தருளும் வேளிமலைக் குமாரசுவாமி, விழா நாள்களில் தங்குவது ஆரியசாலைப் பகவதி கோயிலில்தான். முருகனே விருந்தாளியாக வந்து தங்கும் ஊரில் தமிழர் தங்கியதில் வியப்பில்லை.

கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்கு மேல் வீடு என நெருங்கிய அத்தெருக்களில் குப்பைக்கு என்று தனி இடம் கிடையாது. ஒரு காலத்தில் நகரத்துக் குப்பை முழுவதும் லாரிகளில் ஏறி விளப்பில்சாலை என்னும் ஊருக்குப் போனது. 2000-ஆம் ஆண்டு அங்கே ஆலை தொடங்கியது, ஊரின் காற்றும் நீரும் கெட்டன, மக்கள் போராடினர். 2011 டிசம்பரில் அவ்வூர்ப் பஞ்சாயத்து ஆலையின் வாயிலைப் பூட்டிவிட்டது. அதன் பிறகுதான் தன் குப்பையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது தலைநகரத்துக்கு உறைத்தது. உணவுக் கழிவு வீட்டிலேயே உரமாக வேண்டும். நெகிழியைக் கழுவி உலர்த்தித் தனியே வைக்க வேண்டும். வைத்ததை வாங்கிச் செல்ல ஹரித கர்ம சேனா என்னும் பசுமைச் செயற்படையின் பெண்கள் வீட்டு வாசலுக்கே வருகின்றனர்.

அழுகுவது ஒரு பக்கம், அழுகாதது ஒரு பக்கம் என்று பிரித்தாயிற்று. ஆனால் எந்தப் பக்கத்திலும் சேராத ஒன்று பல வீடுகளில் நாள்தோறும் மிஞ்சுகிறது. அதுதான் இன்சுலின் ஊசி.

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, கேரளத்துப் பெரியவர்களில் நூற்றுக்கு 25.5 பேருக்கு நீரிழிவு உள்ளது என்கிறது. நால்வரில் ஒருவர் என்று கொள்ளலாம். அவர்கள் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் அல்லர். ஆயினும் காலையும் மாலையும் புது ஊசி பயன்படுத்தும் ஒருவர் ஆண்டுக்கு 730 ஊசிகளைக் கழிக்கிறார். சர்க்கரையின் அளவு பார்க்க விரல் நுனியைக் குத்தும் சிறு ஊசிகள் இக்கணக்கில் இல்லை.

1922 ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகர மருத்துவமனையில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அக்காலத்தில் சிரிஞ்சு கண்ணாடியால் ஆனது. ஒரே ஊசியைக் கொதிநீரில் இட்டு, முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டி, மீண்டும் மீண்டும் பயன்படுத்தினர். இன்றைய ஊசி மயிரிழை போன்றது, குத்தியதே தெரியாது, ஒரு முறையோடு அதன் வேலை முடிந்தது. நோயாளிக்கு இது பெரும் ஆறுதல். மருத்துவமனையில் இருந்த மருத்துவம் வீட்டுக்குள் வந்தபோது மருத்துவமனையின் கழிவும் உடன் வந்தது என்பதை மட்டும் பலரும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆரியசாலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்து ஆச்சியும் நினைத்துப் பார்க்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்தவர். பத்து ஆண்டுகளாக ஊசி போட்டுக்கொள்பவர். போட்ட ஊசியை மூடி, செய்தித்தாளில் சுற்றி, அதை ஒரு பைக்குள் வைத்து முடிச்சிடுவார். தம் அளவில் அவர் மிகுந்த கவனத்தோடுதான் செய்தார். ஒரு நாள் அந்தப் பை, பால் உறைகள் இருந்த சாக்கில் தவறிச் சேர்ந்துவிட்டது. வாங்க வந்த பெண் சாக்கைக் கையால் அழுத்தினார். மூடி கழன்றிருந்த ஓர் ஊசி அவருடைய உள்ளங்கையில் ஏறியது.

“தாளில் சுற்றித்தானே வைத்தேன், தாயி!” என்றார் ஆச்சி. அவருக்குக் கை நடுங்கியது.

“சேச்சி, முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்” என்று குழாயைத் திறந்தாள் பேத்தி. பள்ளியில் கற்றது அது. குத்திய இடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பிதுக்கக் கூடாது, வாயால் உறிஞ்சவும் கூடாது. தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, “யாருடைய ஊசி?” என்பது. அக்கேள்வியில்தான் எல்லாம் இருக்கிறது. ஊசியின் நுண்துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் தங்கும். ஹெபடைட்டிஸ் பி என்னும் கல்லீரல் நோயின் கிருமி உடலுக்கு வெளியே ஏழு நாள் வரை உயிர்ப்போடு இருக்கவல்லது. அந்நோய் உள்ளவருக்குப் போட்ட ஊசி, தடுப்பூசி போடாத ஒருவரைக் குத்தினால் நூற்றில் முப்பது வரை தொற்றுக்கு வாய்ப்புண்டு என்பது மருத்துவப் பணியாளர்களிடையே கண்ட கணக்கு. எச்.ஐ.வி. கிருமிக்கு இது ஆயிரத்தில் மூன்று அளவே. ஆனால் குத்துப்பட்டவர் ஆயிரம் பேராக இருந்து அஞ்சுவதில்லை. ஒரே ஆளாக அஞ்சுகிறார். தேவையெனில் 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் உண்ண வேண்டும்; அதன் பிறகும் சோதனை முடிவுகளுக்காகக் காத்திருக்க வேண்டும். மாநகரக் குப்பையில் கிடக்கும் ஊசி யாருடையது என்று எவருக்கும் தெரியாது. அதனால் குத்துப்பட்டவர் அந்த நாள்களை அச்சத்திலேயே கழிக்கிறார்.

ஆச்சி ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கே போனார். “என்னுடையதுதான். என் இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்” என்று கையை நீட்டினார். அவருக்கு எந்தத் தொற்றும் இல்லை என்று அன்று மாலையே தெரிந்தது. அந்தப் பெண்ணுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் முதல் தவணை மட்டும் போட்டனர். மருத்துவமனைப் படிக்கட்டில் இருவரும் சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தனர்.

பிறகு அவ்வீட்டில் ஒரு புட்டி வந்தது. தரை கழுவும் நீர்மம் வாங்கிய தடித்த நெகிழிப் புட்டி. திருகு மூடி உடையது. தண்ணீர் விற்கும் மெல்லிய புட்டியை ஊசி துளைத்துவிடும். கண்ணாடிப் புட்டி விழுந்தால் உடையும். ஊசி போட்டுக்கொண்ட இடத்திலேயே, கையைவிட்டுக் கீழே வைக்காமல், முனை கீழாக அதில் இட வேண்டும். வளைப்பது, ஒடிப்பது, சிரிஞ்சிலிருந்து கையால் பிடுங்குவது ஆகியவை குத்துப்படுவதற்கான நேர்வழிகள். முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டுநாடா சுற்ற வேண்டும். புட்டியின் மேல் ‘பயன்படுத்திய ஊசிகள்’ என்று பேத்தி தமிழிலும் மலையாளத்திலும் எழுதினாள். சிறு குழந்தைகளின் கைக்கு எட்டாத பரணில் அது இடம்பெற்றது.

நிறைந்த புட்டியை யாரிடம் கொடுப்பது? 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதை எண்ணிப் பார்த்திருக்கின்றன. காலாவதியான மருந்து, பழைய மின்கலம், உடைந்த வெப்பமானி ஆகியவற்றோடு பயன்படுத்திய ஊசியையும் சிரிஞ்சையும் ‘வீட்டு அபாயக் கழிவு’ என்று அவை வகுத்தன. இருபது சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவில் அவற்றைப் பெறும் மையங்களை உள்ளாட்சிகள் அமைக்க வேண்டும் என்றும் கூறின. எழுத்தில் இருப்பது எல்லா ஊரிலும் எழுந்து நடப்பதில்லை. மையம் அருகில் இல்லாதவர்கள் மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆச்சி சிகிச்சை பெறும் மருத்துவமனையில் முதலில் தயங்கினர். அவர் நடந்ததைச் சொன்ன பின் வாங்கிக்கொண்டனர்.

மருத்துவமனைக் கழிவுக்கும் வழி எளிதன்று. கேரளத்தில் அக்கழிவின் பெரும்பகுதி நெடுங்காலமாகப் பாலக்காட்டில் இந்திய மருத்துவச் சங்கம் நடத்தும் ‘இமேஜ்’ நிலையத்துக்குப் போயிற்று. தலைநகரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம் அது. திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே பாலோட்டில் இன்னொரு நிலையம் அமைக்க முயன்றபோது, 2018-இல் அப்பகுதி மக்கள் கடுமையாக எதிர்த்தனர். காட்டையும் நீரோடையையும் காக்க நினைத்த அவர்கள் அச்சம் பொய்யன்று. கழிவு எங்கேயாவது போயாக வேண்டும் என்பதும் பொய்யன்று.

வழி இல்லாதபோது கழிவு குறுக்கு வழி தேடும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்து நடுக்கல்லூர், கொடகநல்லூர் முதலிய ஊர்களில், திருவனந்தபுரத்து மருத்துவமனைகளின் கழிவு இரவோடு இரவாகக் கொட்டப்பட்டிருந்தது தெரியவந்தது. ஊசிகளோடு நோயாளிகளின் விவரத் தாள்களும் கிடந்தன; அவைதான் கழிவு எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தன. மூன்று நாளில் அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கேரளத்துக்கு ஆணையிட்டது. டிசம்பர் 22 அன்று கேரள அதிகாரிகள் லாரிகளோடு வந்து, கொட்டியதைத் திரும்ப அள்ளிச் சென்றனர். அந்த வாரம் ஆரியசாலையின் பல வீடுகளுக்கு ஊரிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வந்தன. வயலும் தாமிரபரணியும் பற்றி எப்போதும் பேசும் உறவினர்கள், இம்முறை மாடு மேயும் இடத்தில் கிடந்த ஊசிகளைப் பற்றிக் கேட்டனர். அழைப்பை எடுத்தவர்களுக்கு எந்த ஊரின் பக்கம் நின்று பதில் சொல்வது என்று தெரியவில்லை.

நேர்வழியில் போகும் ஊசியின் கதை சுருக்கமானது. துளைபடாத வெள்ளைக் கலத்தில் மருத்துவமனையிலிருந்து புறப்படுகிறது. கலத்தின் மேல் அது எங்கிருந்து வருகிறது என்று காட்டும் பட்டைக் குறியீடு இருக்கும். நிலையத்தில் உயர் அழுத்த நீராவியில் கிருமிகள் அழிக்கப்படுகின்றன. அதன் பிறகு இயந்திரம் அதைத் துண்டு துண்டாக நறுக்குகிறது. அதன் பின்னர் அது யாரையும் குத்தாது. சில இடங்களில் சிமென்டுக் கலவையில் புதைக்கப்படுகிறது. சில இடங்களில் இரும்பு வார்ப்பாலைக்குப் போய், உலையில் உருகி, வேறொரு பொருளாகிறது.