நான் கண்ட துருவ ஜோதி

20 ஆண்டுகளாக வகுப்பிலே துருவ ஜோதியைக் குறித்துப் பாடஞ் சொல்லி வந்தேன், கண்ணாற் கண்டதில்லை. காணாததைக் கண்டாற்போல் விரித்துரைப்பதில் உள்ளூர ஒரு கூச்சம் இருந்து வந்தது. 2024-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் நார்வே தேசத்து வடகோடியிலுள்ள ட்ரோம்ஸோ நகரை அடைந்தபோது அக்கூச்சம் தீருமென்று நம்பினேன்.

காலம் நல்ல காலமே. சூரியனிலுள்ள கறைகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கொருமுறை பெருகிக் குறைகின்றன. அவ்வாண்டு அவை மலிந்திருந்தன. கறைகளைச் சூழ்ந்த காந்தக் கட்டுக் குலையுங்கால், மின்சக்தியேறிய வாயுத்திரள் வெளியே வீசப்படுகிறது. சூரியவொளி 8 நிமிஷத்தில் நம்மை எட்டும். இத்திரள் வந்துசேரப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் செல்லும். 1859-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி காரிங்டன் என்னும் ஆங்கிலேயர் சூரியனிற் கண்ட வெடிப்பின் பின் வந்த புயலோ, 18 மணி நேரத்துக்குள் பூமியைத் தாக்கிற்று. அமெரிக்கத் தந்தி ஊழியர் பாட்டரிகளை நீக்கிவிட்டு, புயல் தந்த மின்னோட்டத்தாலேயே செய்தி அனுப்பினர்!

சூரியத் துகள்கள் நேரே துருவத்தில் விழுந்து ஒளிர்கின்றன என்று விடைத்தாளில் எழுதியோர்க்கு முழு மதிப்பெண் வழங்கியிருக்கிறேன். அது என் பிழை. திரளின் காந்தம் தெற்கு நோக்கியிருந்தாலன்றிப் பூமியின் காந்தக் கவசம் எளிதில் இடங்கொடாது. இடங்கொடுத்தபின், பூமியின் இரவுப்புறத்தே வால்போல் நீண்ட காந்தவெளியிற் சேர்ந்த சக்தி திடீரென விடுபட்டு, எலெக்ட்ரான்களைத் துருவத்தைச் சூழ்ந்த வளையத்தை நோக்கி உந்துகிறது. அவை மோத, 100 கிலோமீட்டருக்கு மேலே பிராணவாயு பச்சொளி வீசும். 200 கிலோமீட்டருக்கும் மேலே அதே வாயு செவ்வொளி வீசும். உயரத்தில் எழுவதால் செவ்வொளி நெடுந்தூரம் தெரியும்; 2024 மே மாதப் புயலில் லடாக்கிலுள்ள ஹான்லே வானாராய்ச்சி நிலையத்துக் காமிராவிலும் அது பதிந்தது.

நிற்க. ட்ரோம்ஸோவில் கோடையிரவு இருள்வதில்லையாதலின், செப்டம்பர் முதல் மார்ச் வரையே பருவம். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிப் புயல்கள் மிகும். நிலவற்ற நள்ளிரவே நன்று. எல்லாம் அறிந்து சென்றும் மேகத்தை மட்டும் நான் எண்ணவில்லை. மூன்றிரவு வீணாயின.

நான்காமிரவு, மலைமேல் வெளிறிய பட்டை ஒன்று கிடந்தது. மேகமென்றெண்ணி அறைக்குத் திரும்பலானேன். விடுதிக்கார அம்மையார் என் கையைப் பற்றி நிறுத்தி, "ஐயா, அதன் ஊடே விண்மீன்கள் தெரிகின்றன, பாரும்" என்றார். ஆம், தெரிந்தன. காமிராவில் பச்சையாய்ப் பதிந்தது என் கண்ணுக்குச் சாம்பல் நிறமாகவே இருந்தது. ஏமாற்றத்துடன் நின்றிருக்கையில் பட்டை அசைந்தது, மடிந்தது, நொடிப்பொழுதில் உச்சிவரை திரைபோல் விரிந்து, கண்ணுக்கும் பச்சையாயிற்று. காமிரா என் கையிலேயே இருந்தது. அதனை உயர்த்த நினைவில்லை.