அண்ணனிடம் சொல்லாமல் வைத்திருந்தது

என் உடன்பிறந்த அண்ணன்மேல் ஒரு பொய்யைச் சொன்னேன். அது பொய் என்று தெரிந்த பிறகும் பல வருஷம் வாய் திறக்கவில்லை. அந்த வருஷங்களில்தான் ஊரும் சபையும் என்னை ஆவிக்குரிய மனுஷன் என்று மதித்தன. நானும் அப்படியே நம்பினேன். உள்ளுக்குள் வெந்துகொண்டே வெளியில் சிரித்தேன் என்றால் அது வேறு கதை. நான் வேகவில்லை. நன்றாகத் தூங்கினேன், நன்றாக ஜெபித்தேன். என்னை இன்று அதிகமாகப் பயமுறுத்துவது அதுதான்.

நாங்கள் திருநெல்வேலிச் சீமையில் தலைமுறை தலைமுறையாகச் சபையார். விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம் நடந்த வீடு. ஆலயத்துக்கென்று பிடி அரிசி எடுத்து வைக்காமல் அம்மா உலை வைத்ததில்லை. வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களையும் ஒரு வருஷத்தில் வாசித்து முடிக்க நாளுக்கு மூன்று நாலு அதிகாரம் போதும் என்று அப்பா எங்களைப் பழக்கியிருந்தார். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பிய பின் ஓய்வுநாள் பள்ளி, திடப்படுத்தல் வகுப்பு, சேகர மன்றம் என்று எல்லாவற்றிலும் இருந்தேன். லெந்து நாட்களில் உபவாசம் தப்பாது. ஆவிக்குரிய வாழ்க்கையில் வளர்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொள்ளும்போது இவற்றைத்தான் எண்ணிப் பார்ப்பேன். இவற்றில் எதுவும் தவறில்லை, பலவற்றை இன்றும் செய்கிறேன். ஆனால் எண்ணக்கூடியதை மட்டும் எண்ணினேன்.

அப்பாவின் அடக்கம் முடிந்து பங்கு பேச உட்கார்ந்தபோது, பனந்தோப்புக் குத்தகைப் பணமும் அவருடைய சேமிப்பும் இல்லை. "செலவாயிட்டு" என்றார் அண்ணன். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் நான் வெளியூர் வேலையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து, பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்துவிட்டு ராத்திரி பஸ் ஏறிவிடுவேன். என்றாலும் கணக்குக் கேட்டேன். "என்கிட்டயா கணக்கு கேக்க?" என்று அண்ணன் எழுந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து ஆலய முற்றத்தில் பெரியவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களிடம், அப்பா பணத்தை அண்ணன் எடுத்துக்கொண்டார் என்றேன். சந்தேகமாகச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தவன் போலச் சொன்னேன்.

எங்கள் ஊரில் ஒரு பேச்சு முற்றத்தைக் கடக்க ஒரு நாள் போதும். காணிக்கை எண்ணும்போது அண்ணனைக் கூப்பிடுவது நின்றது. யாரும் காரணம் சொல்லவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். மதினி பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பணப் பொறுப்பு பார்த்துவந்தார்கள். அதை அவர்களே விட்டுவிட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.

சில வருஷம் கழித்து, வெள்ளையடிப்பதற்காகப் பரணிலிருந்து சாமான்களை இறக்கியபோது அப்பாவின் தகரப் பெட்டி வந்தது. உள்ளே ஆஸ்பத்திரி ரசீதுகள், மருந்துக்கடை பில்கள், கார் வாடகைச் சீட்டுகள் எல்லாம் தேதி வாரியாக நூலில் கோத்திருந்தன. மேலே அண்ணன் கையெழுத்தில் கூட்டல். செலவு, அப்பாவிடம் இருந்த பணத்தைவிட அதிகம். மிச்சம் எப்படி வந்தது என்பதற்கு அடியில் மதினி நகையின் அடகுச் சீட்டு இருந்தது.

பெட்டியை மூடிப் பழைய இடத்திலேயே வைத்தேன். அன்று சாயங்காலமும் குடும்ப ஜெபத்தை நான்தான் நடத்தினேன்.

அதன்பிறகு செய்ததைச் சொல்லத்தான் நா எழவில்லை. ஜெபத்தை அந்தப் பெட்டிக்கு மேல் போர்வையாகப் போட்டேன். "ஆண்டவரே, அண்ணன் மனதை இளகப்பண்ணும்" என்று தினமும் வேண்டினேன், தப்பு அவர் பக்கம் இருப்பது போல. பக்கத்து வீட்டுக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பாடிய நாட்கள் உண்டு. தாவீது தன் விரோதிகளைக் குறித்துப் பாடிய சங்கீதங்களை வாசிக்கும்போது விரோதியின் இடத்தில் அண்ணன் முகத்தை வைத்தேன். சாம்பல் புதனன்று வாசிக்கும் 51-ஆம் சங்கீதத்தை மட்டும் பொதுவான பாவங்களுக்கென்று ஒதுக்கிவைத்தேன். கலாத்தியர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் மாம்சத்தின் கிரியைகளை வரிசையாகச் சொல்கிறார். வெறியும் களியாட்டும் வரும் இடத்தில் குடிக்கிறவர்களை நினைத்து வருத்தப்படுவேன். அதற்கு முன்னாலேயே பகை, விரோதம், சண்டை, பிரிவினை என்று அடுக்கியிருக்கிறாரே, அந்த வரியை எத்தனை தடவை கடந்துபோனேன்! கர்த்தருடைய ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த கையோடு இயேசு அதில் ஒரே ஒரு விண்ணப்பத்தைத்தான் திரும்ப எடுத்து விளக்குகிறார். மன்னிப்பைப் பற்றியது அது. பிள்ளைகளுக்கு இதை நான் அழகாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

வேறொன்றையும் சொல்லிக்கொடுத்தேன். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, அதற்கு இரண்டு வருஷம் முன்பு எடின்பரோ மாநாட்டில் மிஷனெரிமாரைப் பார்த்து, நீங்கள் தந்ததெல்லாம் பெரிதுதான், ஆனால் எங்களுக்கு நட்பு வேண்டும் என்று கேட்ட கதை. நம் சீமைக்காரர் என்ற பெருமையோடு சொல்வேன். தியாகம் செய்கிறவர்களிடம்கூட அன்பு இல்லாமல் போகலாம் என்று உலகத்தார் முன் சொன்ன மனுஷரைப் பற்றி, சொந்த அண்ணனுக்கு வணக்கம் சொல்லாத நான் வகுப்பெடுத்தேன்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் எங்கள் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதன்பின் 1950-ல் வந்த திருவிருந்து ஆராதனை முறையில், சமாதானத்தைக் கையால் கடத்தும் வழக்கத்தைக் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களிடமிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். ஒருவர் வலது உள்ளங்கையை மற்றவர் வலது உள்ளங்கையோடு வைத்து, இருவரும் இடது கையால் மூடுவார்கள். திருமேசையருகே தொடங்கி வரிசை வரிசையாகப் பின்னால் வரும். இது காணிக்கை படைப்பதற்கு முன்னால் வருகிறது. சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் இயேசு சொன்ன ஒழுங்கு அது. குறை யாருக்கு என்பதைக் கவனியுங்கள். எனக்கு அவர்மேல் அல்ல, அவருக்கு என்மேல். அண்ணன் உட்காரும் பெஞ்சைப் பார்த்துவைத்துக்கொண்டு, என் கையிலிருந்து சமாதானம் அவர் கைக்குப் போகவே முடியாத இடத்தில் உட்கார்ந்தேன். பிறகு எழுந்துபோய் அப்பமும் ரசமும் வாங்கினேன். மாதாமாதம்.

திடப்படுத்தல் வகுப்பில் ஆயக்காரன் சகேயுவைப் பற்றி நடத்திக்கொண்டிருந்த ஒரு நாள்தான் என்னால் மேலே போக முடியவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னான். எல்லாரும் முறுமுறுத்துக்கொண்டிருந்த இடத்தில் எழுந்து நின்று சொன்னான். பணமாக இருந்தால் நாலு மடங்கு கொடுத்துவிடலாம். நான் எடுத்தது அண்ணனின் பேர். அதை எங்கே எண்ணி, எப்படிக் கொடுப்பது? பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்பிவிட்டேன்.

அன்று மாலையே போனேன் என்று எழுத ஆசை. போகவில்லை. வாரங்கள் போயின. போன அன்று அண்ணன் திண்ணையில் இருந்தார். "வா, உக்காரு" என்றார். நேற்றும் வந்துபோனவனைக் கூப்பிடுவது போல.

"அந்த ரசீதையெல்லாம் பாத்தேண்ணே. பாத்து ரொம்ப நாளாச்சு."

"தெரியும்டே. பெட்டிய ஒன் பங்கு வீட்டுல வச்சிட்டு வந்தவனே நாந்தான. பாப்ப, பாத்துட்டு வருவன்னு நெனச்சேன்."

இத்தனை வருஷமும் அவர் எதிர்பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சபையில் அவர் யாரிடமும் தன் நியாயத்தைப் பேசியதில்லை. பெட்டியைக் காட்டியிருந்தால் ஒரே நாளில் நான் தலைகுனிந்திருப்பேன். அதைச் செய்யாமல் எனக்கு இடம் விட்டுவைத்தவர் அவர். எங்கள் இரண்டு பேரில் வளர்ந்தது யார் என்று அந்தத் திண்ணையில் எனக்குத் தெரிந்துபோயிற்று. அண்ணன் வகுப்பு எடுத்தவரல்ல, கூட்டத்தில் எழுந்து ஜெபிப்பவருமல்ல.

சபை ஐயரிடம் சொல்லி, ஆராதனை முடிந்ததும் சபையார் முன் நின்று நான் சொன்னது பொய் என்றேன். நான் நினைத்திருந்தது போல அது மனதை லேசாக்கவில்லை. வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது. திடப்படுத்தல் வகுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். அண்ணனும் நானும் பேசுகிறோம். மதினி இன்னும் என்னோடு பேசவில்லை. அடகு வைத்த நகை மீளவே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் பேச வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

முற்றத்தில் அன்று என் பேச்சைக் கேட்ட பெரியவர்களில் சிலர் நான் உண்மையைச் சொல்லும் முன்பே கல்லறைக்குப் போய்விட்டார்கள். என் அண்ணன் திருடன் என்று நம்பியே போனார்கள். அதை இனி யாராலும் திருத்த முடியாது. இதை வாசிக்கிற உங்களிடம் இப்படி ஒரு பேச்சு பாக்கி இருந்தால், கேட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள்.