படுக்கையிலிருந்து நீளும் கரம்



முதல் வெள்ளிகளில் நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது, ஸ்காபுறோ வீடுகளில் ஒரு வேண்டுகோளை அடிக்கடி கேட்கிறேன்: "சுவாமி, தம்பிக்கு இப்படியெண்டு வெளியில ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ."

தசைச் சிதைவு போன்ற நரம்புத்தசை நோய்கள் பெரும்பாலும் மெல்ல மெல்ல முதிர்பவை. முதலில் படியேறுவது கடினமாகிறது. பின்பு நாற்காலியிலிருந்து எழுவது. பின்பு கரண்டியைத் தூக்குவது. சில வகைகளில் மூச்சுக்கும் இயந்திரம் துணை வரவேண்டும். இழப்பு புதிது புதிதாக வருவதால் குடும்பமும் மீண்டும் மீண்டும் பழகவேண்டியிருக்கிறது. மருத்துவர் நோயை விளக்குவார். ஆனால் இரவில் புரண்டு படுப்பதற்காக அம்மாவை மூன்றாம் முறையும் எழுப்பும்போது உண்டாகும் கூச்சத்தை, அதே பாதையில் முன்னே சென்றவரே அறிவார்.

நாமோ மறைக்கிறோம். தங்கையின் திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சுகிறோம்; தாயின் மீது பழி விழுமோ என்று அஞ்சுகிறோம். யார் செய்த பாவம் என்ற சீடர்களின் கேள்வியை, யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே மறுத்துவிட்டார். மருத்துவமும் அப்பழியை ஏற்பதில்லை. ஆண் பிள்ளைகளையே பெரும்பாலும் தாக்கும் டுஷென் வகையில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, தாயிடம் மரபணுக் குறை இல்லாமலே புதிதாகத் தோன்றும் மாற்றத்தால் வருகிறது. தாய்வழி வந்தாலும் அது குற்றமன்று.

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதமுற்றவரை நால்வர் சுமந்து வருகின்றனர். படுக்கையில் இருப்பவரும் பிறரைச் சுமக்க வல்லவர் என்பதைத் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி காட்டுகிறது. 1975இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன், 1981இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவுடன் வாழும் பட்டயக் கணக்காளர் சங்கரராமன் 1992இல் அவருடன் இணைந்தார். சேலத்தில் வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்னும் சகோதரிகள், தாங்களும் அந்நோயுடன் வாழ்ந்தபடியே, 2009இல் ஆதவ் அறக்கட்டளையை நிறுவினர். மூத்தவர் 2017இல் இறைவனடி சேர்ந்தார்.

நம் நகரிலும் வழிகள் உண்டு. மாற்றுத்திறனாளிகளே வழிநடத்தும் ரொறன்ரோ சுதந்திர வாழ்வு மையத்தில், அதே அனுபவமுடையோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கின்றனர். தமக்கான உதவியாளரைத் தாமே அமர்த்திக்கொள்ள ஒன்ராறியோ அரசு நிதி தரும் திட்டத்தையும் 1994 முதல் அம்மையமே நடத்துகிறது. 1954இல் தொடங்கிய கனடா தசைச் சிதைவு அமைப்புக்கு, தீயணைப்பு வீரர்கள் காலணியை ஏந்தி வீதியில் நின்று நிதி திரட்டுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த அமைப்பும் இத்தகைய குடும்பங்களுக்காகவே இருக்கிறது.

முன்னே சென்றவரைச் சந்திப்பது எளிதன்று. இன்று ஊன்றுகோலுடன் நடப்பவர், எதிரில் இருப்பவரின் சக்கர நாற்காலியில் தம் நாளையைக் காண்கிறார். அந்த அச்சம் உண்மையானது. ஆனால் அந்த நாற்காலியில் ஒருவர் சிரிப்பதையும், வேலை செய்வதையும், கடவுளோடு கோபித்துக்கொள்வதையும் அவர் கூடவே காண்கிறார். எந்த மறையுரையாலும் தர முடியாத ஆறுதல் அது.

எனவே ஒரு வேண்டுகோள். இத்தகைய நோயுடன் வாழும் இன்னொரு தமிழ்க் குடும்பத்தோடு பேச விரும்பினால் எனக்குத் தனியாக எழுதுங்கள். இரு வீட்டாரும் சம்மதித்த பின்னரே பெயர்கள் பகிரப்படும். ஏனையோருக்கு: அவ்வீடுகளுக்குச் செல்லும்போது புதிய எண்ணெயையும் சாதகக்காரரின் விலாசத்தையும் கொண்டு செல்லாதீர்கள். ஒரு மணி நேரம் பிள்ளையோடு இருந்து, அம்மாவை உறங்க விடுங்கள்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.