வான் ஹோர்ன் மாளிகையை இடித்தவர்

அன்பின் மாஸ்டருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஒழுங்கை முடக்கில் நிற்கும் அந்தப் பழைய நாற்சார் வீட்டை ரொறன்ரோக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார், தை பிறந்ததும் இடித்துவிட்டு மாடிவீடு கட்டப்போகிறார் என்று எழுதியிருந்தீர்கள். "காணி அவருடையது, காசும் அவருடையது, நாங்கள் ஆர் கேட்க?" என்று முடித்திருந்தீர்கள். இதே கேள்வியில் நான் இருக்கும் மொன்றியல் நகரம் 1973இல் இரண்டுபட்டது. அந்தக் கதையைச் சொன்னால்தான் என் பதிலைச் சொல்ல முடியும்.

இங்கே ஷேர்புரூக் வீதியும் ஸ்டான்லி வீதியும் சந்திக்கும் மூலையில் ஒரு கொங்கிறீற் கோபுரம் நிற்கிறது. அலுவலகக் கட்டடமாக எழும்பி, 2002 முதல் சோஃபிடெல் ஹோட்டலாக இயங்குகிறது. அதைக் கட்டியவர் டேவிட் அஸ்ரியேலி. கட்டுவதற்காக அவர் இடித்தது வில்லியம் கொர்னீலியஸ் வான் ஹோர்னின் மாளிகை. எங்கள் சனம் வாழும் கோட்-டெ-நேஜ் பகுதியை ஊடறுத்து ஓடும் வான் ஹோர்ன் தெருவுக்கும் இவருடைய பெயர்தான்.

வான் ஹோர்ன் 1843இல் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதில் தகப்பனை இழந்து, தந்தி அடிக்கும் வேலைக்குப் போன பையன், கனடிய பசிபிக் ரயில்வேயின் தலைவராக வளர்ந்தார். நாட்டின் இரு கரைகளையும் இணைத்த அந்தப் பாதையின் கடைசி ஆணி 1885 நவம்பரில் அடிக்கப்பட்டது. மேற்கு மலைகளில் பாறை வெட்டியும் வெடி வைத்தும் செத்தவர்களில் பெருந்தொகையினர் சீனத் தொழிலாளர். பாதை முடிந்த அதே ஆண்டில், இனி நாட்டுக்குள் வரும் சீனர் தலைக்கு 50 டொலர் வரி கட்ட வேண்டும் என்று கனடா சட்டம் போட்டது. அந்த மாளிகையைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசத்தான் வேண்டும். அங்கே குவிந்த செல்வத்துக்கு ரத்தம் சிந்தியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

அந்தச் செல்வத்தை வான் ஹோர்ன் கலைப்பொருளாகச் சேர்த்தார். ரெம்பிராண்ட், எல் கிரேக்கோ, கோயா என்று சுவர் நிறைய ஓவியங்கள். அவற்றைவிட அவர் உயிரை விட்டது ஜப்பானிய மட்பாண்டங்களில்தான். தேநீர்க் கிண்ணங்களும் குப்பிகளுமாக ஆயிரத்துக்கு மேல் சேர்த்திருந்தார். வாங்கி அடுக்கி வைக்கும் பணக்காரர் மட்டுமல்ல அவர். ஒவ்வொரு கலத்தையும் குறிப்பேட்டில் நீர்வண்ணத்தில் தானே வரைந்து பதிந்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் தடவிப் பார்த்தே எந்தக் குயவரின் கை என்று சொல்லிவிடுவார் என்று ஒரு கதை உண்டு. அவருடைய குறிப்பேட்டுப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கதையை நம்பத் தோன்றும். சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லால் ஆன அந்த வீட்டின் உட்புறத்தை எட்வர்ட் கொலொன்னா என்ற வடிவமைப்பாளர் அலங்கரித்தார். ஆர்ட் நூவோ பாணியின் தொடக்ககால வேலைகளில் ஒன்று அது.

1915இல் அவர் மறைந்தார். 1941இல் மகள் அடலைனும் மறைந்த பிறகு சேகரிப்பின் ஒரு பகுதி மொன்றியல் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போனது, மீதி ஏலத்திலும் பிற இடங்களிலும் சிதறியது. வீடு மட்டும் வாரிசுகள் கையில் நின்றது. பிறகு அவர்களும் விற்றார்கள்.

இனி அஸ்ரியேலி. இவரை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாக இருக்கும், ஆனால் அது உண்மையாகாது. 1922இல் போலந்தின் சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாசிப் படை வந்தபோது பதினேழு வயது. சோவியத் பக்கம் தப்பி ஓடி, மத்திய ஆசியா வரை அலைந்து, பாலஸ்தீனத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஊரில் விட்டுவந்த பெற்றோர் கொல்லப்பட்டார்கள். ஹைஃபாவின் டெக்னியோன் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கத் தொடங்கினார், 1948 போரில் சண்டையிட்டார், 1954இல் மொன்றியலுக்கு வந்தார். சில ஆண்டுகளில் சிறிய இரட்டை வீடுகள் கட்டி விற்கத் தொடங்கி, அங்கிருந்து அலுவலகக் கோபுரம், வணிக வளாகம் என்று ஏறினார். 1985இல் டெல் அவீவுக்குப் பக்கத்தில் ராமத் கானில் இஸ்ரேலின் முதல் பெரும் வணிக வளாகத்தைத் திறந்தவர் அவர்தான். வட்டம், முக்கோணம், சதுரம் என்று டெல் அவீவில் நிற்கும் மூன்று கோபுரங்களும் அவருடைய பெயரைத் தாங்குகின்றன. 2014இல் கண் மூடியபோது அவருடைய சொத்து சுமார் 300 கோடி அமெரிக்க டொலர்.

எல்லாம் இழந்து அகதியாக வந்து, கட்டுவதே வாழ்வு என்று கிடந்த மனிதர். எங்களுக்கு இந்த ஆளைப் புரியும் மாஸ்டர். புதிய ஊரில் பழைய கல்லைப் பார்த்து உருகுவதற்கு அவருக்கு என்ன உறவு இருந்தது?

1973 செப்டெம்பர் 8, ஒரு சனிக்கிழமை. அரச அலுவலகங்கள் மூடியிருந்த அந்த வாரக் கடைசியில் இடிக்கும் இயந்திரங்கள் மாளிகைக்குள் புகுந்தன. மாதக்கணக்காக எதிர்ப்புக் குரல் கொடுத்தவர்கள் சேதி கேட்டு ஓடி வந்தபோது செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. அஸ்ரியேலி எந்தச் சட்டத்தையும் மீறவில்லை, அனுமதி கையில் இருந்தது. என்னை உறுத்துவது வேறொன்று. பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டத்தைக் கியூபெக் மாகாணம் முந்தைய ஆண்டுதான், 1972இல், நிறைவேற்றியிருந்தது. ஒரு கையெழுத்தில் அந்த வீட்டை நிறுத்தி வைத்திருக்கலாம். அந்தக் கையெழுத்தை யாரும் போடவில்லை. வான் ஹோர்ன் அமெரிக்காவில் பிறந்தவர், அது ஆங்கிலம் பேசிய முதலாளிகளின் மாளிகை, கியூபெக்கின் பிரெஞ்சுப் பண்பாட்டுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்ற எண்ணம் அதிகாரத்தில் இருந்தவர்களிடம் இருந்தது. மேயர் ஜான் திராப்போவுக்கோ உயர்ந்த கோபுரங்களே முன்னேற்றம். "எங்களுடையது அல்ல" என்று எல்லாரும் கைவிட்ட வீட்டைத்தான் அஸ்ரியேலி இடித்தார். பழி அவர் தலையில் மட்டும் விழுந்தது. அதில் அவருக்குரிய பங்கை நான் குறைக்க மாட்டேன், ஆனால் முழுவதையும் அவருக்கே கொடுக்கவும் மாட்டேன்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். நியூயோர்க் மக்களுக்கு 1963இல் பென்சில்வேனியா ரயில் நிலையம் இடிபட்டது எப்படியோ, மொன்றியல் மக்களுக்கு இந்த மாளிகை அப்படி ஆனது. அதே 1973இல் 'மொன்றியலைக் காப்போம்' என்ற இயக்கம் எழுந்தது. நகரத்துக்கு நல்லது செய்த கட்டடக்காரருக்கு ஆரஞ்சுப் பரிசும் கெடுதல் செய்தவருக்கு எலுமிச்சைப் பரிசும் அறிவித்து, பெரிய முதலாளிகளைப் பெயர் சொல்லியே கேள்வி கேட்டார்கள். 1975இல் ஃபிலிஸ் லாம்பெர்ட் 'மொன்றியல் மரபுரிமை' அமைப்பைத் தொடங்கினார். சீக்ரம் மதுபான நிறுவனத்து சாமுவேல் பிரான்ஃப்மனின் மகள் அவர், அஸ்ரியேலிக்குக் குறையாத பணக்காரி. வான் ஹோர்னுக்குப் பிறகு ரயில்வே தலைவரான தோமஸ் ஷோனெஸியின் வீட்டுக்கும் இடிப்பு ஆபத்து வந்தபோது, 1974இல் தன் காசைக் கொடுத்து அதை வாங்கினார். பிறகு அந்த வீட்டைச் சுற்றியே கனடியக் கட்டடக்கலை மையத்தை எழுப்பினார், 1989இல் அது திறக்கப்பட்டது. பழைய வீடு அப்படியே நிற்க, புதிய கட்டடம் அதை மூன்று பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும்.

சட்டமும் மெல்ல மெல்ல இறுகியது. 2021இல் கியூபெக் கொண்டுவந்த திருத்தத்தின்படி 1940க்கு முன் கட்டிய, மரபு மதிப்புள்ள கட்டடங்களுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும். இடிப்புக்கான ஒழுங்குவிதி ஒவ்வொரு நகரசபையிடமும் இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் விலை ஒரு மாளிகை.

அஸ்ரியேலியின் பிற்காலத்தையும் சொல்ல வேண்டும். போரால் நின்றுபோன கட்டடக்கலைப் படிப்பை அவர் மறக்கவில்லை. 1997இல், எழுபத்தைந்து வயதில், ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். இன்று அங்கே கட்டடக்கலைப் பள்ளியே அவர் பெயரில் இருக்கிறது. 1989இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, ஹோலோகாஸ்டில் தப்பி கனடா வந்தவர்களின் நினைவுக்குறிப்புகளைச் சேகரித்துப் புத்தகமாக்கி, பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. எரிந்த வீடுகள், அழிந்த தெருக்கள், அம்மாவின் அடுப்படி எல்லாம் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. எங்கள் சனத்துக்கும் இப்படி ஒரு திட்டம் வேண்டும் என்று பல தடவை ஏங்கியிருக்கிறேன். அந்த நல்ல காரியத்துக்காக மாளிகைக் கணக்கைத் தீர்த்துவிட என்னால் முடியாது. மாளிகைக்காக அந்தப் புத்தகங்களின் பெறுமதியைக் குறைக்கவும் முடியாது.

இப்போது உங்கள் ஒழுங்கைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் நாற்சார் வீடுகள் பலவற்றைப் போர் தின்றது. மிச்சத்தை இப்போது நாங்கள் அனுப்பும் காசு தின்கிறது. சகோதரங்கள் லண்டன், பரிஸ், ரொறன்ரோ என்று பிரிந்து, உறுதியில் பத்துப் பேர் பங்கு கேட்க, ஒருவரும் போய் இருக்காத வீட்டை விற்றால் போதும் என்றாகிவிடுகிறது. வாங்குபவருக்குக் காணிதான் கணக்கு. மழைத் தண்ணீரை வாங்கி வெளியேற்றும் நடுமுற்றம், வெயிலைத் தணிக்கும் தடித்த சுவர், நூறு வருசம் தாங்கும் பனை வளைகள், சிலாகைகள் எல்லாம் மேசன் வேலை அறிந்தவர்கள் எங்கள் வெக்கைக்கென்று கண்டுபிடித்த விடைகள். அந்த இடத்தில் எழும்பும் கொங்கிறீற் வீட்டில் குளிரூட்டி இல்லாமல் பகலில் படுக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் ஆர் கேட்க என்கிறீர்கள். அந்த ஒழுங்கையில் மூன்று தலைமுறையாக நடந்தவர்கள் நீங்கள். கேட்பதற்கு அது போதும். அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவரும் அஸ்ரியேலி போல ஓடி வந்து உழைத்தவராகத்தான் இருப்பார். அவருடைய தொலைபேசி இலக்கத்தை எனக்கு அனுப்புங்கள், நான் பேசுகிறேன். தலைவாசலையும் நாற்சாரையும் விட்டுவிட்டுப் பின்வளவில் புது வீடு எழுப்பலாமே என்று கேட்கிறேன், ஷோனெஸி வீட்டின் படங்களையும் அனுப்புகிறேன். அதற்கிடையில் நீங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தெரிந்த பிள்ளைகளைக் கூட்டிப் போய், ஓட்டில் கை வைக்க முன்னர் வீட்டை அளந்து வரைபடம் எடுக்கச் சொல்லுங்கள். கதவு, தூண், வளை ஒவ்வொன்றையும் படம் பிடிக்கட்டும். கட்டிய மேசனின் பேரப்பிள்ளைகள் ஊரில் இருந்தால் அவர்களிடமும் விசாரியுங்கள், பெயரையாவது எழுதி வைப்போம். பிள்ளைகளின் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவை இந்த மாதமே அனுப்பிவிடுகிறேன். எவ்வளவு வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.