எங்கள் படத்தின் கணக்கு நோட்டு

போன மாதம் ஒரு கல்லூரி விடுதியில் எங்கள் ஆவணப்படத்தைத் திரையிட்டோம். படம் முடிந்து விளக்குப் போட்டதும் சாதியைப் பற்றி, சுடுகாட்டுப் பாதையைப் பற்றித்தான் கேள்வி வரும் என்று உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை எழுந்து, “அக்கா, இதுக்கு எவ்ளோ செலவாச்சு? காசு யாரு குடுத்தா?” என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு வருடமாக இந்தப் படத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம், ஒருவரும் இதைக் கேட்டதில்லை. அன்றைக்கு அரைகுறையாக ஏதோ பதில் சொன்னோம். முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம்.

நாங்கள் ஆறு பேர். மூன்று பேர் சமூகப் பணியாளர்கள், ஒருவர் மாலைநேரப் பள்ளி நடத்துகிறவர், இரண்டு பேர் படம் எடுத்த காலனியிலேயே பிறந்த தம்பிகள். வடமாவட்டம் ஒன்றில் இருக்கும் அந்தக் காலனியிலிருந்து சுடுகாட்டுக்குப் போகும் வழி ஆதிக்க சாதிக்காரர் ஒருவரின் வயல் ஓரமாகப் போகிறது. நெல் நிற்கும் மாதங்களில் அந்த வழியை விடமாட்டார்கள். பாடையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கித்தான் போக வேண்டும். 38 நிமிடப் படம் அதைப் பற்றியது.

செலவு இது. கேமரா வாடகை 14 நாளுக்கு 35,000 ரூபாய். ஒலிப்பதிவுக் கருவியும் மைக்கும் 14,000. போக்குவரத்தும் சாப்பாடும் 46,000. எடிட்டிங் 40,000. ஒலிக் கலவை 22,000. இரண்டு ஹார்டு டிஸ்க் 13,000. ஆங்கில சப்டைட்டிலும் போஸ்டரும் 12,000. மொத்தம் 1,82,000 ரூபாய்.

வரவு: நண்பர்களும் தோழர்களும் ஐந்நூறு, ஆயிரமாகக் கொடுத்தது 74,000. எங்கள் ஆறு பேர் கையிலிருந்து 48,000. காலனியின் மகளிர் சுயஉதவிக் குழு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் கொடுத்த உள்கடன் 60,000. ஆக, எங்கள் படத்துக்குப் பணம் போட்டவர்களில் பெரிய தொகை கொடுத்தவர்கள், சிட்டாள் வேலைக்கும் நூறுநாள் வேலைக்கும் போகிற பெண்கள்.

நோட்டில் எழுதாத ஒரு வரி உண்டு. ஆறு பேரும் ஏறக்குறைய 40 நாள் வேலை செய்தோம். ஒருவரும் கூலி எடுக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கட்டடக் கூலியை ஆளுக்கு 700 ரூபாய் என்று வைத்தாலும் 1,68,000 வருகிறது. படத்தின் மொத்தச் செலவுக்குக் கிட்டத்தட்டச் சமம். சமூகவியல் படித்தவர்கள் நாங்கள். ஊதியமில்லா உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவர்கள். எங்கள் சொந்தப் படத்தில் அதைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. ஒலிப்பதிவு செய்த தம்பி பாதியில் பார்சல் கம்பெனியில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போய்விட்டார். “கோச்சுக்காதீங்கண்ணா, வீட்டு வாடகை ரெண்டு மாசம் நிக்குது” என்றார். அவர்மேல் கோபப்பட்டோம் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ‘சுயாதீன சினிமா’ என்று பெருமையாகச் சொல்கிறோமே, பல நேரம் அதன் பொருள் நம் வீட்டுப் பிள்ளைகளின் கூலியைப் பிடித்து எடுத்த சினிமா என்பதுதான்.

எடிட்டிங் பாதியில் நின்றபோது ஒருவர் வந்தார். நிலம் வாங்கி விற்கிறவர், சின்னப் படங்களுக்கும் பணம் போடுகிறவர். 3 லட்சம் தருகிறேன், உரிமையை எனக்கு எழுதிக் கொடுங்கள் என்றார். இரண்டு நிபந்தனைகள். வழியை மறித்தவர்களின் சாதிப் பெயர் வரும் இடத்தில் ஒலியை நிறுத்த வேண்டும். கடைசியில் ஊரும் காலனியும் ஒன்றாகத் திருவிழா கொண்டாடுவதுபோல ஒரு காட்சி சேர்க்க வேண்டும். “பாசிட்டிவா முடிங்க, அப்பதான் ஓடிடிக்காரன் வாங்குவான்.”

உடனே மறுத்துவிட்டோம் என்று எழுதினால் பொய். மூன்று இரவு பேசினோம். கடன் கழுத்தில் நின்றது. ஒலியை மட்டும் நிறுத்தினால் என்ன, பார்க்கிறவர்களுக்குப் புரியாதா என்று எங்களில் இரண்டு பேர் வாதாடினார்கள். முடிவில் கடன் கொடுத்த குழுவிடமே கேட்டோம். குழுத் தலைவியாக இருந்த அக்காவின் அப்பாவை வாய்க்கால் வழியாகத் தூக்கிப்போனது படத்தில் இருக்கிறது. அவர் சொன்னது: “வழிய மறிச்சவன் யாருன்னு சொல்லாம, வழிய மறிச்சத எப்படிப்பா சொல்லுவீங்க? கடன் மெதுவா வரட்டும்.” 3 லட்சம் திரும்பிப் போனது.

இன்னொன்றும் நடந்தது. அதே காலனியைச் சேர்ந்த ஒரு பெண், தன் கணவர் குடித்துவிட்டுப் பேசும் காட்சியை எடுத்துவிடச் சொன்னார். நல்ல காட்சிதான். மகள் பள்ளிக்கூடம் போகிறவள், கேலி செய்வார்கள் என்றார். எடுத்துவிட்டோம். இரண்டும் நிபந்தனைதானே என்று கேட்கலாம். ஒன்று ஆதிக்கத்தைக் காப்பாற்றப் பணத்தைக் காட்டிப் போட்ட நிபந்தனை. மற்றது, படத்தோடு அதே தெருவில் வாழப்போகிறவர் வைத்த வேண்டுகோள். பணம் யாரிடமிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் படத்தில் எதை வெட்டுவது என்பதும் முடிவாகிறது.

இது எங்கள் கதை மட்டுமல்ல. கோடம்பாக்கம் நெடுங்காலம் ஃபைனான்சியர் வட்டியிலும் விநியோகஸ்தர் கொடுக்கும் மினிமம் கேரண்டியிலும் ஓடியது. 1998-இல் மத்திய அரசு சினிமாவுக்குத் தொழில் அந்தஸ்து அறிவித்தது. இனி வங்கிக் கடன் கிடைக்கும் என்றார்கள். வங்கி என்ன கேட்கும்? ஈடு கேட்கும். நிலம் யாரிடம் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் யாரிடம் இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2017 நவம்பரில்கூடத் தமிழ் சினிமாவில் ஒரு தயாரிப்பாளர், கந்துவட்டிக் கொடுமை என்று கடிதம் எழுதிவைத்து உயிரை விட்டார். சொந்தமும் பந்தமும் தொழிலுக்குள் இருப்பவர்களுக்கே அந்த நிலை என்றால், கையில் ஒன்றுமில்லாதவர் அந்த வாசலில் எப்படி நிற்பது?

டிஜிட்டல் வந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று சொல்வார்கள். பாதி உண்மை. ஃபிலிம் சுருளும் பிரிண்ட் செலவும் போயின. அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் கேமராவைத் தொட முடிந்தது. ஆனால் எடுப்பது மலிவானதே தவிர, காட்டுவது மலிவாகவில்லை. தியேட்டரில் டிஜிட்டல் முறையில் திரையிட நிறுவனங்கள் வாங்கும் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்களே புதுப் பட வெளியீட்டை நிறுத்திப் போராட வேண்டியிருந்தது. கொரோனா காலத்தில் ஓடிடி தளங்கள் சின்னப் படங்களையும் வாங்கின. பிறகு கை சுருங்கிவிட்டது. பி.எஸ். வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021-இல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கியது, இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கும் அனுப்பப்பட்டது. அப்படிப்பட்ட படத்தைத் தமிழ்நாட்டு மக்கள் வீட்டில் உட்கார்ந்து பார்க்க 2023 அக்டோபர் ஆனது. எங்கள் படத்தை ஓடிடிக்குக் கொண்டுபோகிறோம் என்று வந்த ஓர் இடைத்தரகு நிறுவனம் முதலில் எங்களிடம் 25,000 கேட்டது. பிறகு, பார்க்கப்படும் நிமிடத்துக்கு இத்தனை பைசா தருமாம்.

காட்டும் வாசல் அடைபட்டால் அரசுப் பணத்தில் எடுத்த படமும் நின்றுவிடும். ஜப்பார் படேலின் ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ 2000-ஆம் ஆண்டுப் படம். அது தமிழ் பேசித் தமிழ்நாட்டுத் தியேட்டருக்கு வர 2010 டிசம்பர் ஆனது. அதற்கும் வழக்கு, இயக்கங்களின் உழைப்பு எல்லாம் தேவைப்பட்டன. மலக்குழி மரணங்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ படத்தை 2017-இல் அரங்குகளில் காட்ட விடவில்லை. யூடியூபில்தான் வந்தது.

இந்த இடத்தில் அரசுப் பணம் பற்றிப் பேச வேண்டும். கேரளத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பெண் இயக்குநர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் படம் எடுக்க 1.5 கோடி ரூபாய் வரை கொடுக்கிறது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் அரசு நடத்திய திரைப்படக் கொள்கை மாநாட்டு மேடையில் அடூர் கோபாலகிருஷ்ணன் அந்தத் தொகை அதிகம் என்றார். 50 லட்சமாகக் குறைக்கலாம், கொடுப்பதற்கு முன் மூன்று மாதமாவது தீவிரப் பயிற்சி கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஊழலுக்கு வழியாகும் என்றார். பாடகி புஷ்பவதி அரங்கிலேயே எழுந்து எதிர்த்தார்.

பயிற்சி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லாருக்கும் வேண்டும். ஆனால் பயிற்சி, ஊழல் என்ற சொற்கள் நமக்குப் பணம் வரும்போது மட்டும் ஏன் நினைவுக்கு வருகின்றன? அடூர் படித்தது புனேயில், அரசின் திரைப்பட நிறுவனத்தில். அவருடைய முதல் கதைப்படம் ‘சுயம்வரம்’ (1972) ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில், மத்திய அரசின் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கொடுத்த கடனோடு எடுக்கப்பட்டது. அதில் தவறே இல்லை. சந்தை கைகொடுக்காத கலைஞருக்குக் கை கொடுப்பதுதான் பொதுப் பணத்தின் வேலை. அவருக்கு அது உரிமை, நமக்கு மட்டும் தர்மம் என்றால், அதுதான் சாதி. தமிழ்நாட்டிலும் இந்த உரிமையை நாம் கேட்க வேண்டும். படத்தை முடித்து வெளியிட்ட பிறகு கிடைக்கிற மானியம் நமக்குப் போதாது. எடுப்பதற்கு முன்பே கையில் வருகிற பணம் வேண்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டுமா? மக்கள் பணத்தில் எடுத்த படங்களும் உண்டு. ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ (1976) படத்துக்குக் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாமும் அவருடைய ஒடேசா தோழர்களும் கேரளத்தில் ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, மக்களிடம் காசு திரட்டி ‘அம்மா அறியான்’ (1986) எடுத்தார்கள். சினிமாவுக்கு முன்பே நம் முன்னோர்கள் இதைச் செய்திருக்கிறார்கள். ரெட்டமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ நடத்தினார். அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார், விலையையே பெயரில் வைத்து. 1920-இல் பாபாசாகேப் ‘மூக்நாயக்’ தொடங்கியபோது சாகு மகராஜ் 2,500 ரூபாய் கொடுத்தார். காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் ‘கேசரி’ பத்திரிகை மறுத்துவிட்டது. காசு இருந்தாலும் வாசல் திறக்காது என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த பாடம்தான்.

‘மந்தன்’ கதையில் ஒன்றைக் கவனியுங்கள். 2 ரூபாய் கொடுத்தவர்கள் தனித்தனி ஆட்கள் அல்ல, ஏற்கெனவே சங்கமாகச் சேர்ந்தவர்கள். கொடுத்தவர்களே படம் பார்க்கவும் வந்தார்கள். அமைப்பு முதலில் இருந்தது, பணம் அதன் பின்னால் வந்தது. நாங்கள் செய்த தவறு இங்கேதான். கேமராவை முதலில் தேடினோம், பணத்தை இரண்டாவது தேடினோம், பார்க்கிறவர்களைக் கடைசியில் தேடினோம்.

கடைசியில் தேடியும் கிடைத்தார்கள். அம்பேத்கர் மன்றங்கள், மாலைநேரப் பள்ளிகள், விடுதிகள், ஒரு தொழிற்சங்க அலுவலகம், கோயில் திடலில் இடம் மறுக்கப்பட்டதால் ஒரு வீட்டு மொட்டைமாடி. 23 திரையிடல்கள். துண்டேந்தி வசூலித்தது 71,000. பயணச் செலவு போக மிஞ்சியது 44,000. அதோடு எங்கள் கையிலிருந்து மீதியையும் வட்டியையும் போட்டு, 14 மாதத்தில் குழுவின் கடனை அடைத்தோம். ஆறு பேரின் கூலி இன்னும் வரவில்லை. பார்சல் கம்பெனிக்குப் போன தம்பியின் பங்கை மட்டும் முதலில் கொடுப்பது என்று முடிவெடுத்து மூன்று தவணை கொடுத்திருக்கிறோம்.

ஆகவே படம் எடுக்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். முதல் நாளே கணக்கு நோட்டு போடுங்கள். அதில் கூலியையும் எழுதுங்கள், கொடுக்க முடியாவிட்டாலும் கடனாக எழுதுங்கள். பணம் கொடுப்பவர் என்ன வெட்டச் சொல்வார் என்பதை வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். உரிமையை எழுதிக் கொடுக்காதீர்கள். கேமரா வாடகைக்கு எடுப்பதற்கு முன், படத்தைப் போட்டுக் காட்ட இருபது இடம் எழுதி வையுங்கள். அந்த இருபது இடத்து மனிதர்கள்தான் உங்கள் தியேட்டர், உங்கள் தயாரிப்பாளர்.

சுடுகாட்டுப் பாதை இன்னும் வரவில்லை. மனு கொடுக்கும்போதெல்லாம் படத்தைப் பென்டிரைவில் போட்டுச் சேர்த்துக் கொடுக்கிறோம். கடனை அடைத்த அன்று அந்த அக்கா ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, “அடுத்த படத்துக்கு எப்ப வருவீங்க?” என்று கேட்டார். இந்த முறை கேமராவைத் தேடவில்லை. அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எந்தெந்த ஊரில் போட்டுக் காட்டலாம் என்று முதலில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.