கேமராவுக்கு ஒரு விலாசம்

ராத்திரி உங்கள் வீட்டில் கரன்ட் போய் வந்ததா? அப்படியென்றால் இன்று காலை நீங்கள் இன்டர்நெட்டில் வேறு வீட்டில் குடியிருக்கலாம். ரவுட்டர் கண் விழித்து இணைப்பு கேட்கும்போது, கம்பெனி தன் கையிருப்பிலிருந்து ஏதோ ஒரு ஐ.பி. எண்ணை எடுத்துக் கொடுக்கும். நேற்றைய எண் இன்று யாரிடமோ. மெயில் பார்க்க, சினிமா பார்க்க இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பேச்சை ஆரம்பிப்பது நீங்கள். பதில் வரவேண்டிய விலாசமும் கூடவே போய்விடுகிறது. வெளியூரிலிருந்து ஒருவர் உங்கள் கதவைத் தட்ட வேண்டியிருந்தால்தான் சங்கடம்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு மலைப் பக்கமாக உள்ளே போனால் எங்கள் அத்தையின் தோட்டம். அத்தை தனியாக இருக்கிறார், மகன் பெங்களூரில். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூன்று பேரைக் கொன்றார்கள். 2025-ல் சிவகிரி பக்கம் ஒரு வயதான தம்பதி. “முன்னெல்லாம் ஆனைக்குத்தான் பயந்துட்டிருந்தோம் கண்ணு” என்றார் அத்தை. நாலு கேமரா, ஒரு ரெக்கார்டர் வாங்கியாயிற்று. மகன் அங்கிருந்தே வாசலைப் பார்க்க வேண்டும்.

மாட்ட வந்த தம்பியிடம், விலாசம் மாறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பொட்டியே போயி பதிஞ்சுக்குமுங்ண்ணா. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்” என்றான். எங்கே பதியும்? “அது கம்பெனில பாத்துக்குவாங்க.”

நான் சொல்கிறேன். இந்த ஊர் 1962-ல் தொடங்கிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், சுற்றிலும் ஒர்க் ஷாப்புகள் என்று இருக்கிற ஊர். லைன் வீடுகளில் இருப்பவர்கள் அடிக்கடி வீடு மாறுவார்கள். மாறியதும் மளிகைக் கடையில் சொல்லி வைப்பார்கள். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர் நேரே கடைக்குப் போய்ப் பெயரைச் சொல்லி விசாரிப்பார். டைனமிக் டி.என்.எஸ். என்பது இந்தக் கடைதான். ரெக்கார்டருக்கு மாறாத ஒரு பெயர் இருக்கும். அதன் எண் மாறியவுடன், பெயரையும் பாஸ்வேர்டையும் புது எண்ணையும் கடைக்கு அனுப்பிவிடும். பாஸ்வேர்டு இல்லாவிட்டால், போகிற வருகிற எவனும் உங்கள் பெயருக்குத் தன் விலாசத்தை எழுதி வைத்துவிட்டுப் போய்விடுவானே!

ஒரு வேடிக்கை: வீட்டுக்குள் இருக்கும் ரெக்கார்டருக்குத் தன் வெளி விலாசம் தெரியாது. ரவுட்டர் கொடுத்த 192.168 என்று தொடங்கும் உள்ளூர் எண்தான் தெரியும். அதனால் வெளியே ஒருவரைக் கேட்கும்: “நான் எங்கேயிருந்து பேசறேன்னு உங்களுக்குத் தெரியுது?” வந்த பதிலைத்தான் பதிந்து வைக்கும்.

இந்தக் கடைகளில் பிரபலமானது அமெரிக்காவின் டின். மாறும் விலாசங்களைக் குறித்து வைப்பதில் ஆரம்பித்துப் பெரிய பெரிய வலைத்தளங்களின் கணக்கையும் பார்த்துக்கொண்டிருந்த நிறுவனம். 2016 அக்டோபர் 21 அன்று அதன் மேல் தாக்குதல். ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்குக் கிடைக்கவில்லை. அடித்தவை யார்? கேமராக்களும் ரெக்கார்டர்களும்! கடையிலிருந்து வந்தபோது இருந்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாததால், ‘மிராய்’ என்ற நிரல் உள்ளே புகுந்து அவற்றை அடியாட்களாக்கிவிட்டது. அத்தை வீட்டு ரெக்கார்டரில் பாஸ்வேர்டு என்ன தெரியுமா? ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக. தம்பி கிளம்புமுன் மாற்ற வைத்தேன்.

அதற்கப்புறமும் மகனுக்குப் படம் தெரியவில்லை. காரணம் வேறு. பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி எண்கள்தான். மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலி. அதனால் பல வீடுகளை ஒரே காம்பவுண்டுக்குள் வைத்து, வெளியே ஒரே எண்ணைக் காட்டுகிறார்கள். நீங்கள் வெளியே போகலாம். பெயர் சொல்லி வருகிறவர் கேட்டோடு நிற்க வேண்டியதுதான். உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்க எண் 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்களும் காம்பவுண்டுவாசி. பதிந்து ஒரு பிரயோசனமும் இல்லை.

இப்போதைய வழி: ரெக்கார்டரே தயாரிப்பாளரின் சர்வரைக் கூப்பிட்டு, லைனைக் கட் பண்ணாமல் வைத்திருக்கிறது. சில விநாடிக்கொரு தரம் “இருக்கேன், இருக்கேன்” என்கிறது. மகனின் போனும் அங்கேதான் போகும். முடிந்தால் சர்வர் இரண்டையும் நேரே கோத்துவிடும். முடியாவிட்டால் அத்தை வாசல் தெளிப்பதுகூட அந்தக் கம்பெனி வழியாகத்தான் பெங்களூர் போகும். சௌகரியம்தான். ஆனால் “அப்ப நம்ம வாசலை அவிகளும் பாப்பாங்களா?” என்று அத்தை கேட்டபோது தம்பி ஸ்க்ரூ டிரைவரைத் தேட ஆரம்பித்துவிட்டான்.

கேமரா போட வருகிறவரிடம் நீங்களும் கேளுங்கள்: சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது? கம்பெனி மூடிவிட்டால் படம் தெரியுமா? ஐ.பி.யின் ஆறாம் பதிப்பில் ஓடுமா? அதில் சாதனத்துக்கு ஒன்றாகக் கொடுத்தாலும் தீராத எண்கள் உண்டு, காம்பவுண்டு தேவையில்லை. ஆனால் அங்கேயும் கம்பெனி எண்ணை மாற்றலாம், மறுபடி பதிய வேண்டிவரும். மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னால் அந்தத் தம்பிக்கு இன்னொரு டம்ளர் மோர் கொடுங்கள்.