பழைய கண்ணின் கடைசிப் பருவம்

2011 நவம்பர் 20, மதுரை

ஐப்பசி மழை இந்த வருடம் ஏமாற்றவில்லை. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன. நேற்று போய்ப் பார்த்தேன். கரையில் நின்றால் ஒரு கண்மாய்தான் தெரியும். ஒரே காலையில் சில நூறு கண்மாய்களைப் பார்க்க எனக்கு வேறு கண் வேண்டும். அந்தக் கண் நேற்று முன்தினம் மூடிக்கொண்டது.

லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் படமெடுப்பதை நவம்பர் 18 முதல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். படத்தைத் தரைக்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் நலிந்துவிட்டதாம். விடாமல் ஓட்டினால் ஒரேயடியாகப் போய்விடும் என்பதால் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். 1984 மார்ச் 1 அன்று கலிஃபோர்னியாவின் வாண்டென்பர்க் தளத்திலிருந்து கிளம்பியது. மூன்று ஆண்டு உழைத்தால் போதும் என்று செய்தது. இப்போது அதற்கு இருபத்தெட்டாவது ஆண்டு நடக்கிறது. என் ஆராய்ச்சியில் முக்கால்வாசி அதன் படங்களை வைத்துத்தான். 1980களின் கடைசியில் எங்கள் கண்மாய்கள் எப்படி இருந்தன என்று நான் அறிந்ததெல்லாம் அது காட்டியதுதான்.

2011 நவம்பர் 27

தூக்கம் வரவில்லை. லேண்ட்சாட் 5-இன் நோய் வரலாற்றை உட்கார்ந்து எழுதினேன். எழுத எழுத மலைப்பாக இருந்தது.

முதலில் கண்ணாடி. இதன் கருவிக்குள் ஒரு கண்ணாடி இடமும் வலமும் ஆடிக்கொண்டே பூமியை வரி வரியாகப் படிக்கும். நொடிக்கு ஏழு முறை போய் வரும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தாங்கியில் மோதித் திரும்பும். நொடிக்குப் பதினான்கு மோதல், வருடக்கணக்காக. தாங்கிகள் தேய்ந்தன. தேயத் தேயக் கண்ணாடி திரும்பும் நேரம் தவறி, கருவியின் மற்றப் பாகங்களோடு தாளம் சேராமல் போனது. 2002-இல், தேய்மானத்தைத் தேய்மானமாகவே ஏற்றுக்கொண்டு ஓடும் வேறொரு முறைக்குக் கருவியை மாற்றினார்கள். வரிகள் கொஞ்சம் பிசகும். அந்தப் பிசகைத் தரையில் கணக்குப் போட்டுச் சரிசெய்துகொள்ளலாம். 705 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதை யாரும் கையால் தொட முடியாது. அனுப்ப முடிந்ததெல்லாம் கட்டளைகள்தான். எதைப் பழுது பார்க்க முடியும், எதோடு வாழப் பழக வேண்டும் என்று பிரித்தறிவதே அங்கே பாதி வைத்தியம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது மின்கலம். 99 நிமிடத்துக்கு ஒரு சுற்று. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூமியின் நிழலில் போகும். நிழலில் மின்கலம் கொடுக்கும், வெயிலில் வாங்கிக்கொள்ளும். ஒரு நாளில் பதினான்கு முறைக்கு மேல் இந்தக் கொடுக்கல் வாங்கல். நிக்கல்-காட்மியம் கலங்கள் அதை இத்தனை காலம் தாங்கியதே பெரிது. 2007 அக்டோபரில் ஒரு மின்கலம் பழுதானது. மிச்சத்தை வைத்து எப்படி ஓட்டுவது என்று கண்டறிந்து 2008 பிப்ரவரியில்தான் மறுபடி படம் எடுத்தார்கள். அதற்கும் முன்னால், 2005 நவம்பரில் சூரியத் தகட்டைச் சூரியனை நோக்கித் திருப்பும் பொறி மக்கர் செய்தது. இரண்டு மாதம் படமில்லை. 2009 ஆகஸ்டில் நிலை தடுமாறி உருண்டே போனது, பிடித்து நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஆம்ப்ளிஃபயர் கோளாறு. ஜனவரியில் மாற்று ஆம்ப்ளிஃபயரைக் கொண்டு மீட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் இதோடு சரி என்று என்னைப் போன்றவர்கள் நினைத்திருப்போம். மேரிலாந்தின் கிரீன்பெல்ட்டில் இரவும் பகலும் அதன் நாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் குழு அப்படி நினைக்கவில்லை. ஏவும் நாளில் கை தட்ட ஊரே கூடுகிறது. இருபத்தைந்து வருடம் கழித்து நள்ளிரவில் மின்னழுத்தம் ஒரு புள்ளி இறங்குவதைக் கவனிப்பவருக்கு யாரும் மாலை போடுவதில்லை. போட வேண்டும்.

2012 ஜனவரி 22

மேலூர் போனேன். கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டும் அடைத்தும் பார்த்துக்கொள்ளும் நீர்ப்பாய்ச்சி ஐயா, குமிழி மடையின் கல்தூணுக்கு அருகே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். மடையில் கசிவு. வைக்கோலைக் களிமண்ணில் பிசைந்து, காலால் துழாவி அடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன தாயி, எம்புட்டுத் தண்ணி கெடக்குன்னு உன் படம் சொல்லுச்சா?”

“படம் வரலைங்கய்யா. மேலே அந்த மெசினுக்கு உடம்பு சரியில்ல.”

அவர் சிரிக்கவில்லை. “எத்தன வருசத்து மெசினு?” என்றார். சொன்னேன். “அப்ப அதப் பாத்துக்கிறவுக கெட்டிக்காரவுகதான்” என்றார்.

எட்டு நாளுக்கு ஒரு முறை கல்தூணில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து வைக்க முடியுமா என்று கேட்டேன். சுண்ணாம்பு இருக்கிறது, போட்டுவிடுகிறேன் என்றார்.

2012 மார்ச் 4

லேண்ட்சாட் 7 இன்னும் இருக்கிறது. ஆனால் 2003 மே 31 முதல் அதற்கும் ஊனம். செயற்கைக்கோள் முன்னே நகர்வதை ஈடுகட்டி வரிகளை நேராக்கும் பாகம் நின்றுவிட்டது. ஒவ்வொரு படத்திலும் சுமார் 22 சதவீதம் கறுப்புப் பட்டைகள். நடுவில் படம் சுத்தமாக இருக்கும். ஓரம் போகப் போகப் பட்டை அகலமாகும். பெரிய நீர்த்தேக்கம் தப்பிவிடும். ஐயாவின் கண்மாய் போன்றது பட்டைக்குள் முழுசாகப் போய்விடும். இன்று பார்த்த படத்தில் அப்படித்தான் போயிருந்தது.

2012 மே 10

ஐரோப்பியர்களின் என்விசாட் முடிந்துவிட்டதாக நேற்று அறிவித்துவிட்டார்கள். எட்டு டன் எடை, 2002 மார்ச் 1 அன்று ஏவியது. ஐந்து ஆண்டுக்குச் செய்தது பத்து ஆண்டு உழைத்தது. ஏப்ரல் 8 அன்று பேச்சு நின்றது. ஒரு மாதம் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பிரான்ஸின் பிளியாட் செயற்கைக்கோளைத் திருப்பி அதைப் படம்கூட எடுத்தார்கள். பதில் இல்லை. கட்டளை கேட்காத உடலை நகர்த்த வழியில்லை. நூறாண்டுக்கு மேல் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும், மற்ற செயற்கைக்கோள்களின் நடமாட்டத்துக்கு நடுவிலே. இந்தச் செய்தி என்னை மிகவும் கலக்கியது. பேச முடிகிறபோதே விடைபெறுவது எவ்வளவு பெரிய காரியம்!

லேண்ட்சாட் 5 பக்கம் ஒரு நல்ல சேதி. 1990களில் அணைத்துவைத்த அதன் பழைய கருவியை எழுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருடம் உறங்கியது விழித்து வேலை செய்கிறது! அதன் பார்வை மங்கல். நம் 30 மீட்டர் படப்புள்ளிக்கு எதிரே சுமார் 80 மீட்டர். பெரும்பாலும் அமெரிக்க நிலத்தைத்தான் எடுக்கிறது, நமக்கு உதவாது. இருந்தாலும் மகிழ்ந்தேன்.

2012 செப்டம்பர் 16

லேண்ட்சாட் 5 இவ்வளவு காலம் ஓடியதற்கு ஒரு காரணம் எரிபொருள். விண்வெளி ஓடம் வந்து பிடித்துப் பழுது பார்க்க வசதியாக, கீழே இறங்கி அதைச் சந்திக்கும் அளவுக்குக் கூடுதல் எரிபொருளோடு கட்டப்பட்டது. 1986-இல் சேலஞ்சர் ஓடத்தின் விபத்துக்குப் பிறகு வாண்டென்பர்க்கிலிருந்து ஓடம் ஏவும் திட்டம் கைவிடப்பட்டது. வைத்தியர் வரவே இல்லை. அவரைப் பார்க்கப் போகச் சேர்த்துவைத்த வழிச்செலவு ஆயுளாக மாறியது. 1993-இல் லேண்ட்சாட் 6 சுற்றுப்பாதையை எட்டாமலே அழிந்தபோது, அந்த மிச்ச எரிபொருள் மட்டும் இல்லாதிருந்தால் இந்தத் தொடர் அறுந்திருக்கும்.

2012 டிசம்பர் 23

லேண்ட்சாட் 5 விஷயத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அதில் மூன்று கைரோஸ்கோப்கள். நிலை தவறாமல் நிற்க இரண்டு வேண்டும். ஒன்று போய்விட்டது. இன்னொன்றும் போனால் என்விசாட் கதிதான். அதனால் கட்டளை கேட்கும்போதே ஓய்வு கொடுக்கிறார்கள்.

இங்கே மழை பொய்த்துவிட்டது. கண்மாயில் ஒரு மூலையில்தான் தண்ணீர்.

2013 பிப்ரவரி 12

நேற்று இரவு பதினொன்றரைக்கு லேண்ட்சாட் 8 மேலே போனது. விழித்திருந்து பார்த்தேன். பழையது 28 ஆண்டு 10 மாதம் தரவு கொடுத்ததற்காகக் கின்னஸில் இடம் பெற்றிருக்கிறது. 1,50,000 சுற்றுக்கு மேல், 25 லட்சம் படங்கள். 1986 ஏப்ரலில் செர்னோபில் வெடித்த மூன்றாம் நாள் அந்த இடத்தைப் படமெடுத்ததும் இதுதான்.

2013 ஏப்ரல் 7

போன வாரம் லேண்ட்சாட் 8, லேண்ட்சாட் 7-க்கு நேர் கீழே வந்து, இரண்டும் ஒரே நிலத்தை ஒரே வேளையில் படமெடுத்தன. 1999 ஜூனில் 7-உம் 5-உம் இதேபோல் முன்னும் பின்னுமாகப் பறந்தன. ஒரு கண் பார்த்த பச்சையும் அடுத்த கண் பார்க்கும் பச்சையும் ஒன்றா என்று ஒத்துப் பார்க்கும் வேலை. இது நடக்காவிட்டால், 1988-இல் இருந்த தண்ணீர்ப் பரப்பையும் இன்றைய பரப்பையும் நான் ஒப்பிட முடியாது. கண்மாய் சுருங்கியதா, கண் மங்கியதா என்றே தெரியாது.

சென்னை தவிர எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்திருக்கிறது. ஐயா வறண்ட மடைக்குள் குனிந்து கல்லின் இடுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். “தண்ணி இல்லாதப்பத்தான தாயி இதுக்குள்ள கைய விட முடியும்” என்றார்.

2013 ஜூன் 7

ஜூன் 5 அன்று லேண்ட்சாட் 5-க்குக் கடைசிக் கட்டளை போய்விட்டது. சில மாதங்களாகவே எரிபொருளை எரித்து, மற்றவர்களின் 705 கிலோமீட்டர் தடத்திலிருந்து கீழே இறக்கியிருந்தார்கள். பிறகு மின்கலத்தை வடித்து, டிரான்ஸ்மிட்டரை அணைத்தார்கள். இனி சத்தமில்லாமல் சுற்றி, மெல்ல மெல்லத் தாழ்ந்து, ஒருநாள் காற்றில் எரியும்.

என் பேரேட்டைத் திறந்தேன். லேண்ட்சாட் படக் கட்டங்களில் எங்கள் இடம்: பாதை 143, வரிசை 53. லேண்ட்சாட் 5-இன் கீழே எங்கள் கண்மாயின் கடைசித் தெளிவான படத்தின் தேதி. அதற்கடுத்து லேண்ட்சாட் 8-க்கு ஒரு தலைப்பு எழுதினேன். இரண்டுக்கும் நடுவில், பட்டைக்குள் போன படங்களைத் தவிர, ஒன்றரை வருடம் வெறுமையாகக் கிடந்தது. காலையில் நாடாவை எடுத்துக்கொண்டு மேலூர் போய், காய்ந்த கல்தூணில் ஐயா போட்டிருந்த சுண்ணாம்புக் குறிகளை ஒவ்வொன்றாக அளந்து வந்தேன். மேலிருந்து கீழாக முப்பத்தொன்பது குறிகள். இப்போது அவற்றை அந்த இடைவெளியில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.